பறவை தந்த ஓர் எழுத்து

வேடந்தாங்கல் ஏரியின் கடப்ப மரங்களில் கார்த்திகை தொடங்கிப் பங்குனி வரை கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கும் நாரைகளுக்கும் நீர்க்காகங்களுக்கும் ஊரார் காவல் நின்ற வரலாறு பலரும் அறிந்தது. வெள்ளைச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டு வீழ்த்தக் கண்டு பொறாத உழவர்கள் முறையிட்டதும், செங்கற்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸ் 1798இல் அவற்றைக் காக்கும் உரிமையை அவர்களுக்கு எழுதித் தந்ததும், 1936இல் அவ்வேரி சரணாலயமானதும் நூல்களில் உள்ளன. பறவைகளின் எச்சம் கலந்த நீர் பயிருக்கு உரம் என்பது உழவர்தம் கணக்கு. மருத்துவ உலகம் பறவைக்குப் பட்ட கடன் இதனினும் பெரிது. அதனை அறிந்தோர் சிலரே.

அக்கடன் ஓர் எழுத்தில் பொதிந்துள்ளது. குருதிப் புற்றுநோய்க்கு ஆளான குழந்தையின் ஆய்வறிக்கையில் ‘பி அணு’ என்றோ ‘டி அணு’ என்றோ குறிக்கப்பட்டிருக்கும். உடலுக்குள் புகும் கிருமிகளோடு பொருதும் வெள்ளணுக்களில் இவை இரண்டும் தலையானவை. இவற்றுள் ‘பி’ என்னும் எழுத்து பறவையின் உடலிலிருந்து வந்தது.

கூட்டிலிருக்கும் நாரைக்குஞ்சின் கழிவாய்க்கு மேலே சிறு பை ஒன்று உண்டு. எல்லாப் பறவைக்கும் அது பொது. குஞ்சு வளர்ந்து பருவமெய்தும்போது சுருங்கி மறையும். இத்தாலியில் பதுவா நகரில் உடற்கூறு கற்பித்த ஃபாப்ரீசியஸ் அதனைக் கண்டு எழுதினார். அவர் மறைந்தபின், 1621இல் அந்நூல் வெளிவந்தது. குருதியோட்டத்தை உலகுக்குணர்த்திய வில்லியம் ஹார்வியின் ஆசிரியர் அவர். ஆயினும் அப்பையின் பயனை அவர் தவறாகவே கணித்தார். அது சேவலின் விந்தைப் பெட்டை சேமிக்கும் இடம் என எண்ணினார். மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக அதன் உண்மைப் பணியை எவரும் அறிந்திலர்.

1950களில் அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கோழியினம் பற்றி ஆய்ந்துவந்த புரூஸ் கிளிக் என்னும் மாணவர், அப்பையை அறுத்தெடுத்துவிட்டுக் கோழி எவ்வாறு வளர்கிறது என்று பார்த்தார். குறிப்பிடத்தக்க மாற்றம் ஒன்றும் தெரியவில்லை. அவருடன் பயின்ற திமொத்தி சாங், நோய்க்கிருமிப் பொருளை ஊசி வழிச் செலுத்தினால் குருதியில் எதிர்ப்பொருள் தோன்றும் என்பதை வகுப்பில் செய்து காட்டுதற்குச் சில கோழிகள் வேண்டுமெனக் கேட்டு, கிளிக்கின் கோழிகளை வாங்கிச் சென்றார். சில மாண்டன, பிழைத்தவற்றுள்ளும் பலவற்றில் எதிர்ப்பொருள் தோன்றவில்லை. குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தபோது அவையனைத்தும் பை அகற்றப்பட்டவை என்பது புலனாயிற்று. வகுப்புப் பாடம் பாழாயிற்று. மருத்துவத்துக்கு ஒரு வாயில் திறந்தது. புகழ்பெற்ற ‘சயன்ஸ்’ இதழ் அக்கட்டுரையை ஏற்க மறுத்தது. 1956இல் ‘பௌல்ட்ரி சயன்ஸ்’ என்னும் கோழியியல் இதழில் அது வெளிவந்தது. கோழிப்பண்ணையாளர்க்கான இதழை மருத்துவர் எவர் படிப்பார்? சில ஆண்டுகள் அது கேட்பாரற்றே கிடந்தது.

மற்றை எழுத்தின் கதை இலண்டனில் நிகழ்ந்தது. அங்கு ஜாக் மில்லர் என்னும் இளம் ஆய்வாளர் எலிகளுக்கு வரும் குருதிப் புற்றை ஆராய்ந்துவந்தார். அந்நோயை உண்டாக்கும் நச்சுயிரியை, அதாவது வைரசை, 1951இல் லுட்விக் கிராஸ் கண்டறிந்திருந்தார். நோய் நெஞ்செலும்பின் பின்னுள்ள தைமஸ் என்னும் சுரப்பியில் தொடங்குவதால், பிறந்தவுடன் அச்சுரப்பியை அகற்றினால் என்னாகும் என மில்லர் ஆராய்ந்தார். அவ்வெலிகள் புற்றால் அல்ல, எளிய தொற்றுகளைக்கூடத் தாங்காமல் மாண்டன. பயனற்றதெனக் கருதப்பட்ட சுரப்பியே போர் மறவரைப் பயிற்றும் பாசறை என்பது 1961இல் தெளிவாயிற்று. பின்னர் 1965இல் மின்னசோட்டாவில் மாக்ஸ் கூப்பரும் அவர்தம் குழுவினரும் கோழிகளைக் கொண்டே இவ்விரு படையும் வெவ்வேறென நிறுவினர். பையைக் குறிக்கும் ‘பர்சா’ என்னும் சொல்லின் முதலெழுத்தால் ‘பி’ அணு. தைமசின் முதலெழுத்தால் ‘டி’ அணு. மனிதர்க்கு அப்பை இல்லை. எலும்பு மச்சையே அப்பணியைச் செய்கிறது. எழுத்து மட்டும் பறவையினுடையதாகவே நின்றுவிட்டது.

புற்றின் வரலாற்றிலும் கோழிக்கு முன்னிடம் உண்டு. கோழியின் குருதிப் புற்று, அணுக்கள் நீங்க வடிகட்டிய நீர்மத்தால் மற்றொரு கோழிக்குப் பரவுவதை டென்மார்க்கின் எல்லர்மன், பாங் என்னும் இருவர் 1908இல் காட்டினர். 1911இல் பெய்ட்டன் ரவுஸ் கோழியின் தசைக்கட்டியிலும் அதனையே கண்டார். அதற்குரிய நோபல் பரிசு அவருக்கு 1966இல், 87 வயதில் கிட்டியது. எனினும் குழந்தைகட்கு வரும் குருதிப் புற்று தொற்றுநோயன்று. அது பெரும்பாலும் முதிராத பி அணுக்கள் கட்டின்றிப் பெருகுவதால் விளைவது. மச்சையை அவை அடைத்துக்கொள்ள, நல்ல அணுக்கள் பிறக்க இடமின்றிப் போகிறது.

அந்நோயைத் தடுத்து நிறுத்திய முதல் மருந்துகளுள் ஒன்றின் வரலாறு சென்னையைத் தொட்டுச் செல்கிறது. பீமவரத்தில் 1895இல் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். அவர்தம் உடன்பிறந்தார் இருவரை ஸ்ப்ரூ என்னும் குடல்நோய் கொண்டுபோயிற்று. கதராடை உடுத்தியமையால் அறுவைத்துறைப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, முழுப் பட்டம் கிட்டாமல் எல்.எம்.எஸ். என்னும் தாழ்ந்த சான்றே பெற்றார் என்பர். ஒரு மாணவரின் கதரைப் பொறாத கல்லூரி, தன்னிடம் பயின்றோருள் பேரறிஞர் ஒருவரை அடையாளம் காணத் தவறியது. சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரியில் சிறிதுகாலம் கற்பித்தபின் 1920களின் தொடக்கத்தில் அவர் பாஸ்டனுக்குக் கப்பலேறினார்.

ஏறத்தாழ அக்காலத்திலேயே எதிர்த்திசையில் ஒருவர் வந்தார். லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர், கருவுற்ற ஏழைப் பெண்டிரின் குருதிச்சோகைக்குக் காரணம் தேடி 1928இல் பம்பாய் வந்து சேர்ந்தார். குன்னூரிலும், 1931இல் திருவல்லிக்கேணியிலுள்ள கோஷா மருத்துவமனையிலும் அவர்தம் பணி தொடர்ந்தது. ஈஸ்ட்டிலிருந்து செய்த மலிவான உணவுச்சாறு அச்சோகையைத் தீர்ப்பதை அவர் கண்டார். அச்சாற்றில் மறைந்திருந்த பொருளே ஃபோலிக் அமிலம். லெடர்லி ஆய்வகத்தில் சுப்பாராவின் தலைமையில் இயங்கிய குழு அதனை 1945இல் செயற்கையாக ஆக்கிக் காட்டிற்று.

பாஸ்டனில் குழந்தை மருத்துவர் சிட்னி ஃபார்பர் ஃபோலிக் அமிலம் சார்ந்த பொருள்களைக் குருதிப் புற்றுக் குழந்தைகட்குக் கொடுத்தபோது நோய் தணியாமல் விரைந்து முற்றுவதைக் கண்டார். அஃது உணவாகுமாயின், அதன் பகைப்பொருள் பட்டினியாகும் அன்றோ? ஃபோலிக் அமிலத்தைப் போல் தோன்றி அணுவை ஏமாற்றும் அமினோப்டெரினை லெடர்லி குழு ஆக்கியளித்தது. 1948 ஜூனில் ஃபார்பர் வெளியிட்ட கட்டுரை, 16 குழந்தைகளுள் 10 பேருக்கு நோய் தணிந்ததை அறிவித்தது. தணிவு சில மாதங்களே நீடித்தது. எனினும் இறப்பொன்றே முடிவென்றிருந்த நோயில் மருந்துக்கு இடமுண்டு என்பது உறுதியாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டிலேயே சுப்பாராவ் மறைந்தார். அமினோப்டெரினின் உடன்பிறப்பான மெதோட்ரெக்சேட், குழந்தைகளின் நெடுமருத்துவத்தில் இன்றும் வாரந்தோறும் மாத்திரையாக வழங்கப்படுகிறது.

மருந்து கிடைப்பது வேறு. அதனை நம் நாட்டு மருத்துவமனைக்கேற்ப முறைப்படுத்துவது வேறு. முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தோன்றிய அடையாறு புற்றுநோய் மையம், பம்பாய், தில்லி மருத்துவமனைகளோடு இணைந்து 1980களின் நடுவில் எம்.சி.பி. 841 என்னும் பொதுமுறையைக் கைக்கொண்டது. அதுகாறும் ஐவரில் ஒருவர் பிழைப்பதும் அரிதாயிருக்க, நூற்றுக்கு 40 முதல் 60 வரையிலானோர் நான்காண்டு நோயின்றி வாழும் நிலை வந்தது. மாண்டவருள் பலரைக் கொன்றது புற்றன்று, தொற்று. புற்றணுவை அழிக்கும் மருந்து காவல் அணுவையும் உடன் அழித்துவிடுவதே காரணம். செலவு தாங்காது பாதியில் ஊர் திரும்பியவரும் உண்டு.

1986 சென்னையைப் பொறுத்தவரை மறக்கவியலாத ஆண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனும் அவர்தம் மாணவி நிர்மலாவும் திரட்டிய குருதி மாதிரிகள் வேலூருக்குக் கொண்டுசெல்லப்பட்டு ஆராயப்பட்டன, இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாக வெளிப்பட்டது. அவ்வைரஸ் டி அணுவுக்குள்ளேயே நுழைந்து தன் மரபுச் செய்தியை எழுதிவிடும் கொடிய திறமுடையது. அதே ஆண்டில் அதே வேலூரில் எலும்பு மச்சை மாற்று மருத்துவமும் தொடங்கியது.

அவ்வைரசின் அத்திறத்தையே மருத்துவர் பின்னர்ப் பணிகொண்டனர். எச்.ஐ.வி.யின் நோய்தரும் பகுதிகளை நீக்கி, வெறும் ஊர்தியாக்கி, பி அணுவை இனங்காணும் மரபுக்கூற்றை அதிலேற்றி, நோயாளியின் டி அணுவுக்குள் அனுப்பினர். அவ்வணுக்களைப் பெருக்கி மீண்டும் உடலில் செலுத்தினர். பிலடெல்பியாவில் 2012இல் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி இம்முறையால் பிழைத்தாள். 2017இல் அமெரிக்க அரசு ஒப்புதலளித்தபோது விலை 4,75,000 டாலர். பம்பாய் ஐ.ஐ.டி.யும் டாட்டா நினைவு மருத்துவமனையும் உருவாக்கிய இந்திய முறை 2023 அக்டோபரில் ஒப்புதல் பெற்றது. விலை அதனில் மிகக் குறைவெனினும் பல இலட்ச உருபாயே. வேடந்தாங்கல் உழவர் எவரும் நிலத்தை விற்றாலும் எட்டுதல் அரிது.

இம்மருத்துவம் பலிக்கும்போது புற்றுற்ற பி அணுவோடு நலமான பி அணுவும் அழிகின்றது. கிளிக்கின் பையிழந்த கோழி எதிர்ப்பொருள் ஆக்கமாட்டாது நின்ற அதே நிலையில் அந்நோயாளி நிற்கின்றார். ஆதலின் முகமறியாப் பலர் கொடையாகத் தந்த குருதிநீரினின்று பிரித்த எதிர்ப்பொருள், தேவைப்படுவோர்க்கு மாதந்தோறும் நரம்பு வழியே ஏற்றப்படுகிறது.