நீக்கப்பட்டவர் எங்கே முறையிடுவது?

செங்கற்பட்டுப் பகுதி மாணவர்கள் சுற்றுலா என்றதும் மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலுக்கே விரைகின்றனர். பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த உத்திரமேரூருக்குச் செல்வோர் சிலரே. அங்கே வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில், முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 921-ஐ ஒட்டி வெட்டப்பட்ட கல்வெட்டு உள்ளது. குடவோலையால் வாரியத்தாரைத் தேரும் முறையை அது விரிக்கின்றது. கணக்குக் காட்டாதவருக்கு வாரியத்தில் இடமில்லை. பணியின்போது குற்றம் காணப்பட்டவர் அப்போதே நீக்கப்பட வேண்டும் என்கின்றது. நன்று. ஆயின், குற்றமற்ற ஒருவர் நீக்கப்பட்டால் அவர் எவரிடம் முறையிடுவது?

ஆங்கிலேயர் ஆட்சியிலும் இவ்வினா எழுந்தது. அரசுப் பணி மன்னர் விரும்பும் வரையில்தான் என்பது அவர்கள் சட்டம். 1919-ஆம் ஆண்டின் இந்திய அரசாங்கச் சட்டம் இதற்கு ஒரு வேலியிட்டது: நியமித்தவருக்குக் கீழ்ப்பட்ட அதிகாரி ஒருவரைப் பணிநீக்கம் செய்தலாகாது. விசாரணை, அப்பீல் முதலியன விதிகளுக்கு விடப்பட்டன.

சென்னை அரசாங்க அச்சகத்தில் அச்சுப்படி திருத்தும் பணியில் இருந்த வெங்கடராவ், பரீட்சை வினாத்தாள் வெளியானது பற்றிய ஐயத்தில் நீக்கப்பட்டார். விதிப்படி விசாரிக்கவில்லை என்று வழக்காடினார். வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. விதி மீறப்பட்டிருப்பினும் நீதிமன்றத்தில் பரிகாரமில்லை, மேலதிகாரிகளிடம் அப்பீல் செய்வதே வழி என்று 1936-இல் தீர்ப்பாயிற்று. அதே ஆண்டில் ரங்காச்சாரி என்னும் போலீஸ் சப்-இன்ஸ்பெக்டரின் வழக்கும் அங்கே முடிவுற்றது. அவரை நீக்கியவர் கீழ்ப்பட்ட அதிகாரி. ஆகவே அந்நீக்கம் செல்லாது என்றனர். சட்டத்தில் எழுதிய சொல் ஒருவருக்குத் துணை நின்றது. விதியில் மட்டும் இருந்த சொல் மற்றவருக்கு உதவவில்லை. இவ்வேறுபாட்டை மாணவர்கள் ஊன்றி நோக்க வேண்டும்.

1950-இல் நமது அரசியலமைப்பின் 311-ஆம் பிரிவு இரண்டையும் சட்டமாகவே ஆக்கிற்று. குற்றச்சாட்டை அறிவித்து, மறுமொழி கூற வாய்ப்பளித்த பின்னரே பணிநீக்கம் செய்யலாம். சில விலக்குகள் உண்டு. தமிழ்நாட்டில் 1955-ஆம் ஆண்டின் ஒழுங்கு, மேன்முறையீட்டு விதிகள் இதனை நடத்துகின்றன. '17 பி' என்ற குற்றக் குறிப்பாணை வந்துவிட்டது என்றாலே ஆசிரியர் அறையில் பேச்சு அடங்கிவிடும்! தண்டனை ஆணை கிடைத்த இரண்டு மாதத்திற்குள் மேன்முறையீடு செய்தல் வேண்டும்.

2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த ஊழியரும் ஆசிரியருமாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒருசேர நீக்கப்பட்டனர். நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குச் செல்லுமாறு உயர்நீதிமன்றம் கூறிற்று. அங்கோ ஒரே ஓர் உறுப்பினர்தாம் இருந்தார். இத்தனை பேருக்கு அவரால் நீதி வழங்க இயலாது என்று உச்சநீதிமன்றமே கூறிற்று. வேலைநிறுத்தம் செய்ய ஊழியருக்கு உரிமையில்லை என்றும் அதே தீர்ப்பில் உரைத்தது. மன்னிப்புக் கோரிப் பெரும்பாலோர் பணிக்குத் திரும்பினர். அத்தீர்ப்பாயம் பின்னர் கலைக்கப்பட்டது. மேன்முறையீட்டிலும் நீதி கிட்டாதவர் இன்று உயர்நீதிமன்றத்தையே நாடுகின்றார்.