கோல்ஜியின் இரண்டு வலைகள்

விலங்கு செல்லின் படம் வரைந்தவர்களுக்கு அந்த உறுப்பு ஞாபகம் இருக்கும். நியூக்ளியஸுக்குப் பக்கத்தில், ஓரம் வளைந்த தோசைகளை அடுக்கினதுபோல நாலைந்து கோடுகள். 'கோல்கை உறுப்பு' என்று அம்புக்குறி போட்டு எழுதினால் அரை மார்க். அப்படி ஒன்று செல்லுக்குள் நிஜமாகவே இருக்கிறதா என்று விஞ்ஞானிகள் அரை நூற்றாண்டு சண்டை போட்டார்கள்.

கமில்லோ கோல்ஜி இத்தாலிக்காரர். பாடநூலில்தான் கோல்கை. 1870களின் தொடக்கத்தில் அப்பியாத்தேகிராசோ என்ற சிற்றூரில், தீராத நோயாளிகளுக்கான மருத்துவமனையில் வேலை. ஆய்வகமெல்லாம் கிடையாது. ஒரு சமையலறையைத்தான் அப்படி மாற்றிக்கொண்டார். நரம்புத் திசுவைப் பொட்டாசியம் டைகுரோமேட்டில் ஊறவைத்து, பிறகு சில்வர் நைட்ரேட்டில் போட்டார். சில செல்கள் மட்டும் கிளைகளோடு முழுசாகக் கறுத்துத் தெரிந்தன. அதுதான் அதிர்ஷ்டம். எல்லாமே கறுத்திருந்தால் எதுவும் புரிந்திருக்காது. 1873இல் இந்த முறையை வெளியிட்டார்.

1898இல், பாவியாவில், வெள்ளிச் சாயத்தைக் கொஞ்சம் மாற்றி ஒரு கூகையின் சிறுமூளை செல்களில் ஏற்றினார். இம்முறை செல்லுக்கு உள்ளேயே ஒரு குட்டி வலை தெரிந்தது. பலர் நம்பவில்லை. செல்லைக் கொன்று, ரசாயனத்தில் ஊறப்போட்டு, உலோகத்தைப் படியவைத்தால் எதுதான் தெரியாது? சாயம் போட்ட கோலம் அது என்றார்கள். சந்தேகத்தில் நியாயமும் இருந்தது.

கோல்ஜி இன்னொரு வலையையும் நம்பினார். மூளை முழுக்க நரம்புகள் ஒன்றோடொன்று இணைந்த ஒரே வலை என்பது அவர் கட்சி. அவருடைய சாயத்தையே எடுத்துக்கொண்டு, ஸ்பெயின்காரரான சாந்தியாகோ ரமோன் இ காஹால் நேரெதிர் முடிவுக்கு வந்தார்: ஒவ்வொரு நரம்பு செல்லும் தனித்தனி. 1906இல் நோபல் பரிசு இருவருக்கும் சேர்த்தே கிடைத்தது. ஸ்டாக்ஹோமில் கோல்ஜி தன் உரையிலேயே காஹாலின் கொள்கையை மறுத்துப் பேசினார். மறுநாள் காஹால் அதை விளக்கிப் பேசினார். எப்படி இருந்திருக்கும், பாருங்கள்!

இரண்டு வழக்குக்கும் தீர்ப்பு வந்தது 1950களில்தான், எலக்ட்ரான் நுண்ணோக்கி மூலமாக. செல்லுக்குள் தட்டையான பைகள் அடுக்கடுக்காக இருந்தன. புரதங்கள் அங்கே வந்து, சர்க்கரை மூலக்கூறுகள் ஒட்டி, தரம் பிரிந்து, போகவேண்டிய இடத்துக்குப் போகின்றன. நம் எச்சிலின் நொதியும் கணையத்தின் இன்சுலினும் அந்த வழியாகத்தான் வெளியேறுகின்றன. அதே கருவி, அதே பத்தாண்டில், நரம்பு செல்களுக்கு நடுவே இருக்கும் மிக மெல்லிய இடைவெளியையும் காட்டியது. சின்ன வலை நிஜம். பெரிய வலை பொய்.

கோல்ஜி 1926லேயே இறந்துவிட்டார். ஒன்றில் ஜெயித்ததும் தெரியாது, இன்னொன்றில் தோற்றதும் தெரியாது. இரண்டையுமே அவர் வெள்ளி வழியாகத்தான் பார்த்தார், ஒரே உறுதியோடுதான் சொன்னார். அந்த உறுதியை மட்டும் வைத்து எது சரி என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. வெள்ளியை நம்பியிராத இன்னொரு கருவி வரவேண்டியிருந்தது.