கம்பிச் சாவடியும் கித்தார்ப் பாடமும்

ஐதராபாத்தில், உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தை அடுத்துத் தார்நாகா என்னும் பகுதி உள்ளது. 'தார்' என்றால் கம்பி. 'நாகா' என்றால் காவற்சாவடி. நிஜாம் ஆட்சியில் கம்பிவேலி இட்ட சாவடியொன்று அங்கு இருந்தமையால் இப்பெயர் வந்தது என்பர். இன்று அங்கே நம் செவியில் விழுவது வேறொரு கம்பியின் ஒலி. மாலை வேளைகளில், வீட்டு மாடியறையில் ஆசிரியர் முன் அமர்ந்து பிள்ளைகள் கித்தார் பயில்கின்றனர்.

1806ஆம் ஆண்டில் செகந்திராபாத் படைவீடு தோன்றிய காலந்தொட்டுப் படையோடும், பின்னர் இரயிலோடும் தமிழர் இப்பக்கம் வந்து குடியேறியுள்ளனர். அவர்தம் வீட்டுப் பிள்ளை ஒருவன் கித்தாரைக் கேட்கும்போது பெற்றோர் உள்ளத்தில் ஓர் ஐயம் எழுகிறது. ஊரை விட்டு வந்தோம். இனி அயல்நாட்டு வாத்தியத்தையும் அவன் கையில் கொடுத்தால், நம் சங்கீதம் அவனுக்கு அந்நியமாகிவிடாதா? இவ்வையத்துக்கு வரலாறு என்ன விடை தருகிறது என்று காண்போம்.

முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859). மணலி முதலியார் குடும்பத்தின் ஆதரவில் வாழ்ந்த நாளில், ஐரோப்பிய வாசிப்பாளர் ஒருவரிடம் அவர் தனியே பாடம் கேட்டு வயலின் கற்றார். கற்றது அந்நியர் வாத்தியம். அதில் அவர் எழுப்பியது நம் இராகங்கள். இன்று வயலின் இல்லாத கச்சேரியைக் காண்பது அரிது. ஒருவர் கேட்ட தனிப்பாடம் ஒரு மரபாகவே வளர்ந்துவிட்டது அன்றோ!

கித்தாரின் பெயர் கிரேக்கரின் 'கிதாரா'விலிருந்து அரபு, ஸ்பானிய மொழிகளின் வழியே வந்தது. அதன் இன்றைய உருவுக்கு அடிகோலியவர் ஸ்பெயின் நாட்டுக் கைவினைஞர் அந்தோனியோ தெ தோரெஸ் (1817–1892). ஆறு கம்பிகள், பலகையில் உலோக மெட்டுகள், மெட்டுக்கு மெட்டு அரைச்சுரம் ஏறி, 12ஆவது மெட்டில் மேல் சட்ஜம் ஒலிக்கும்.

தொல்லையும் இங்கேதான் பிறக்கிறது. வீணைக்கும் மெட்டுகள் உண்டு. எனினும் அவை உயர்ந்து நிற்பதால் கம்பியை இழுத்துக் கமகம் காட்டலாம். கித்தாரில் அது எளிதன்று. பிரிஜ் பூஷண் காப்ரா (1937–2018) வாத்தியத்தை மடியில் கிடத்தி, உருக்குத் தண்டைக் கம்பிமேல் வழுக்கி, இந்துஸ்தானி இசையை எழுப்பினார். கிடத்தாமல் நிமிர்த்திப் பிடித்தே கருநாடக இசையை வாசித்துக் காட்டியவர் சுகுமார் பிரசாத்.

ஆந்திரத்துப் பாலகொல்லுவில் 1969இல் பிறந்த மாண்டலின் ஸ்ரீநிவாஸ் கற்ற விதம் நாம் கருதத்தக்கது. அவருடைய குரு ருத்ரராஜு சுப்பராஜு மாண்டலின் வாசிப்பவர் அல்லர். அவர் பாடுவார், சிறுவன் அதைக் கம்பியில் எழுப்புவான். வாத்தியம் வெளிநாட்டது, பாடம் வாய்ப்பாட்டு.

பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலையிசை பயின்றார். இலண்டன் திரினிட்டிக் கல்லூரியின் தேர்வில் செவ்வியல் கித்தாருக்குத் தங்கப்பதக்கமும் பெற்றார். அத்தகையவர் 1976இல் 'அன்னக்கிளி'யின் வாயிலாகத் தந்ததோ நம் கிராமத்து மெட்டுகளை! அயற்கல்வி அவரை ஊரிலிருந்து பிரித்துவிடவில்லை.

தனிப்பாடத்தின் பெருமை அதன் நெருக்கத்தில் உள்ளது. முதல் சில வாரங்களில் மாணவனின் விரல்நுனி நோகும். கம்பி சரியாக அழுந்தாமல் கரகரக்கும். கட்டைவிரல் பலகையின் பின்புறம் எங்கே நிற்கிறது என்பதை அருகில் அமர்ந்த ஆசிரியரே கண்டு திருத்த வல்லவர். குருகுலத்தில் நடந்ததும் இதுவே.

ஆதலால் பெற்றோர் அஞ்ச வேண்டியது வாத்தியத்தை அன்று. வீட்டில் பாட்டு நின்றுபோவதை. மாடியறைப் பாடம் முடிந்து பிள்ளை வீடு திரும்பியதும், தாயோ பாட்டியோ ஒரு வரி பாடட்டும். அவன் அதைக் கம்பியில் தேடட்டும். பிழைபட்டால் மீண்டும் பாடுவோம். வேலி கட்டுவதற்கும் கம்பியே, வீணைக்கும் கம்பியே. நம் வீட்டில் அது எதுவாகும் என்பது நம் கையில் உள்ளது.