ஹெச்ஐவி: பரிசோதனைக்குப் பின் சிகிச்சையை உறுதிசெய்ய உதவும் தரவுகள்

ஹெச்ஐவி தொற்று உறுதியானவர்கள் சிகிச்சையில் சேர்ந்தனரா என்பதை அறிய, பரிசோதனை மையங்களின் பட்டியலும் ஏஆர்டி கூட்டு மருந்து சிகிச்சை மையங்களின் பதிவேடும் ஒப்பிடப்படுகின்றன. முதல் பட்டியலில் இருந்து இரண்டாவதில் இல்லாதவர்களை ஆலோசகர்களும் களப்பணியாளர்களும் தொடர்புகொள்கின்றனர்.

2021-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, வயது வந்தோரிடையே ஹெச்ஐவி பரவல் தேசிய அளவில் 0.21 சதவீதமாகவும், ஆந்திரப் பிரதேசத்தில் 0.67 சதவீதமாகவும் இருந்தது.

அம்மாநிலத்தின் சித்தூர் மாவட்டம் தமிழகத்தையும் கர்நாடகத்தையும் ஒட்டியுள்ளது. சித்தூர், நெல்லூர் மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி மாவட்டம் உருவானது. இத்தகைய எல்லைப் பகுதிகளில் ஓரிடத்தில் பரிசோதனை செய்தவர் வேறிடத்தில் சிகிச்சை பெறக்கூடும். எனவே, ஒரு மாவட்டப் பதிவேட்டை மட்டும் வைத்து அவர் விடுபட்டதாகக் கருத முடியாது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் 'சோச்' என்னும் கணினிப் பதிவு முறை, நாடெங்கும் உள்ள மையங்களை இணைக்கிறது.

2017 முதல், தொற்று உறுதியான அனைவரும் நோயெதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கையைப் பொருட்படுத்தாமல் இலவச சிகிச்சை பெறலாம். தாமதித்தால் காசநோய் உள்ளிட்ட தொற்றுகளின் அபாயம் அதிகரிக்கும்.

ஒருவரின் தொற்று விவரத்தை அவரது ஒப்புதலின்றி வெளியிடுவதை, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள ஹெச்ஐவி, எய்ட்ஸ் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. இந்த இரகசியம் காக்கப்பட்டால்தான் மக்கள் அச்சமின்றிப் பரிசோதனைக்கு வருவர். ஆலோசனைக்கு 1097 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.