ஆதுலர்சாலையும் முத்துக்கரை முதியோரும்

காஞ்சியை அடுத்த திருமுக்கூடலில், 1068ஆம் ஆண்டை ஒட்டிய வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ‘வீரசோழன்’ என்னும் ஆதுலர்சாலையைக் கூறுகின்றது. கோயில் திருமாலுடையது, மன்னனோ தில்லைக் கூத்தப்பிரானுக்கு மாணிக்கம் சாத்தியவன். 15 கிடக்கைகள், மருத்துவர் ஒருவர், சல்லியக்கிரியை செய்வார் ஒருவர், மருந்து கொணர்வார் இருவர், நோயாளரைப் பேணும் பெண்டிர் இருவர், நோயாளிக்கு நாள்தோறும் நாழி அரிசி. கிடக்கையோடு பேணும் கைகளும் எண்ணப்பட்டமை காண்க.

இக்கணக்கு இன்று வேண்டப்படுவது தூத்துக்குடிக் கரைக்கே. 1961இல் அங்கு முத்துக்குளிப்பு ஓய்ந்தது. அன்று மூழ்கிய இளைஞர் இன்று எண்பதைக் கடந்தோர். 2000இல் மருத்துவக் கல்லூரி எழுந்தது. 2021இல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என அரசு இல்லந்தோறும் செல்லத் தொடங்கிற்று. எனினும் எழமாட்டாத முதியவர்க்கு மருந்தினும் முற்பட வேண்டுவது நீராட்டிப் புரட்டிக் கிடத்துவாரே. சூலையுற்ற நாவரசர் சமணரை விட்டுத் தமக்கையாரிடம் சென்றதும் எண்ணத்தக்கது. மருத்துவமனைக்குத் திட்டம் வகுப்போர் கட்டிலின் தொகையை எழுதுமுன் அப்பெண்டிர் இருவர்க்குரிய கூலியை எழுதுவாராக.