மட்டக்களப்பில் புவி விஞ்ஞான ஆசிரியர் பயிற்சி

இலங்கைப் பாடசாலைகளில் புவி விஞ்ஞானம் என்று தனிப் பாடம் கிடையாது. பாறை, மண், நீர்வட்டம், புவிநடுக்கம் எல்லாம் விஞ்ஞானத்துக்கும் புவியியலுக்கும் பங்கு பிரிந்து கிடக்கின்றன. ஆசிரியர் பயிற்சியும் அப்படியே பிரிந்து வளர்ந்தது.

முதலில் தமிழில் விஞ்ஞானச் சொற்களே போதவில்லை. காரைதீவில் 1892இல் பிறந்து, லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்ற சுவாமி விபுலாநந்தர், 1936இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். மட்டக்களப்பு கல்லடி உப்போடையின் சிவானந்த வித்தியாலயமும் அவர் உருவாக்கியதே.

1972இன் சீர்திருத்தம் இடைநிலை வகுப்புகளுக்கு ஒன்றிணைந்த விஞ்ஞானத்தைக் கொண்டுவந்தது. 1986இல் ஆசிரியரைப் பயிற்றும் கல்வியியற் கல்லூரிகளுக்கான சட்டம் வந்தது. அந்த வழியில் அமைந்ததே தாழங்குடாவிலுள்ள மட்டக்களப்பு தேசிய கல்வியியற் கல்லூரி. இரண்டு ஆண்டு கல்லூரியில் படிப்பு, மூன்றாம் ஆண்டு பாடசாலையில் கட்டுறுபயில்வு.

இங்கு பயில்வோருக்குப் பாடநூலைவிடப் பெரிய பாடம் மட்டக்களப்பு வாவி. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளும் அது பாலமீன்மடுப் பக்கத்திலும் கல்லாற்றிலும் கடலைத் தொடுகிறது. வெயிற்காலத்தில் அலை மணலைக் குவித்து வாயை அடைக்கிறது. மாரி வெள்ளம் ஏறினால் முகத்துவாரம் தானாக உடையும், அல்லது வெட்டப்படும். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வயல் மூழ்கும் விவசாயி வெட்டச் சொல்வார். வாவியை நம்பிய மீனவருக்கு வேறு கவலை. மணல் படிவு, உவர்நீர், வெள்ளம் மூன்றையும் ஒரே பொழுதில் காட்ட இதைவிட நல்ல ஆய்வுகூடம் எங்கே இருக்கிறது?

2004 டிசம்பர் 26இல் சுமாத்திரா அருகே கடலடிப் புவிநடுக்கம் எழுப்பிய சுனாமி இந்தப் பயிற்சியின் தேவையைக் கொடுமையாகக் காட்டியது. தாய்லாந்தின் புக்கெட் கடற்கரையில் கடல் பின்வாங்கியது. அதைக் கண்ட பத்து வயதுச் சிறுமி டில்லி சுமித் புவியியல் வகுப்பில் கற்றதை நினைத்துப் பலரைக் காப்பாற்றினாள். சுமாத்திராவுக்கு மேற்கே நிலைமை வேறு. அங்கே கடற்படுகை மேலெழுந்ததால், இலங்கையின் கிழக்குக் கரையை முதலில் தொட்டது ஏறிவந்த அலை. புவிநடுக்கத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் அது வந்துவிட்டது. ‘கடல் வற்றினால் ஓடு’ என்பதை மட்டும் கற்ற பிள்ளைக்குக் கல்லடியில் அந்த அடையாளம் கிடைத்திருக்காது. எந்தக் கரையில் எது முதலில் வரும், ஏன் என்பதை விளக்கத் தெரிந்த ஆசிரியரே இங்கு வேண்டியவர்.

2005இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. ஆனால் அப்படிப்பட்ட ஆசிரியரை உருவாக்க ஏற்ற இடம் தாழங்குடா: கடலுக்கும் வாவிக்கும் நடுவிலுள்ள ஒடுங்கிய மணல் நிலம். ஆசிரிய பயிலுனர் கிழக்கே நடந்தால் அலை, மேற்கே நடந்தால் வாவிச் சேறு.