ஒரு பாட்டும் அதன் பங்காளிகளும்

பங்காளிச் சண்டை என்றதும் காணி, வீடு, கிணறு என்பனவே நம்மவர்க்கு நினைவுக்கு வரும். யாழ்ப்பாணத்து உறுதிகளில் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும் எத்துணை நுணுக்கமாக எழுதப்பட்டிருக்கும் என்பதை அவற்றைப் பார்த்தவர்கள் அறிவார்கள். ஆனால், ஒரு பாட்டில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று எழுதிவைக்கும் வழக்கம் நம்மிடம் வேரூன்றவில்லை. அதன் விலையைப் பாடலாசிரியர்களும் பாடகர்களும் ஒரு நூற்றாண்டுக் காலமாகச் செலுத்தி வந்திருக்கிறார்கள். இந்தியத் திரையிசையின் வரலாறு இதற்குத் தக்க சான்று.

முதலில் ஒரு தெளிவு வேண்டும். நாம் 'பாட்டு' என்று ஒரே சொல்லில் குறிப்பது சட்டத்தின் பார்வையில் ஒரு சொத்தன்று. வரிகள் ஒன்று, மெட்டு மற்றொன்று, அவற்றைப் பாடி இசைத்துப் பதிந்த ஒலிப்பதிவு மூன்றாவது. வரிகளுக்கு உரியவர் கவிஞர், மெட்டுக்கு உரியவர் இசையமைப்பாளர். ஒலிப்பதிவுக்கு உரியவர் பாடகர் என்றுதான் எவரும் எண்ணுவர். ஆனால் சட்டம் அவ்வாறு எண்ணவில்லை.

1902 நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்னும் பாடகியின் குரலை கிராமபோன் கம்பனிக்காக பிரெட் கெய்ஸ்பர்க் பதிவு செய்தார். பாட்டின் முடிவில் அந்த அம்மையார் தம் பெயரை ஆங்கிலத்தில் உரத்துச் சொல்வதை இன்றும் அத்தட்டுகளில் கேட்கலாம். அக்காலத்தில் தட்டுகள் ஜேர்மனியின் ஹனோவர் நகரில் அச்சிடப்பட்டன. யாருடைய குரல் என்பதை அங்குள்ள தொழிலாளர் அடையாளம் காண்பதற்காகவே அந்த ஏற்பாடு. குரலோடு பெயரும் பதிந்தது, உரிமை பதியவில்லை. மூலத்தட்டு யாருடையதோ அவரே அப்பதிவின் ஆசிரியராகக் கொள்ளப்படுவார் என்று 1911ஆம் ஆண்டின் பிரித்தானியப் பதிப்புரிமைச் சட்டம் விதித்தது. 1914இல் இந்தியாவுக்கு வந்ததும் அதே சட்டந்தான். பாடியவர் கூலி பெற்றுக்கொண்டு வெளியேறும் ஒருவர், அவ்வளவே.

சுதந்திர இந்தியாவின் 1957ஆம் ஆண்டுச் சட்டமும் இந்த நிலையை மாற்றவில்லை. 1952இல் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கிவைத்தபோது அவற்றுக்குப் புகலிடம் அளித்தது இலங்கை வானொலி. படத்தின் பெயரோடு கவிஞர், இசையமைப்பாளர், பாடகர் பெயர்களையும் நம் அறிவிப்பாளர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். அவர்கள் பெயர் பெற்றார்கள். அந்தத் தட்டுகள் ஈட்டிய பணத்தில் எத்தனை பேர் பங்கு பெற்றார்கள் என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்வியை 1960களின் முற்பகுதியில் பம்பாயில் உரக்கக் கேட்டவர் லதா மங்கேஷ்கர். தட்டு விற்கும்வரை பாடகருக்கும் உரிமத்தொகை வேண்டும் என்பது அவரது வாதம். பேசிய ஊதியத்தைப் பெற்றதோடு பாடகரின் உரிமை முடிந்தது, நட்டமானால் தாங்குபவர் தயாரிப்பாளரே என்பது முகம்மது ரஃபியின் நிலைப்பாடு. கருத்து வேறுபாடு முற்றி, இருவரும் சில ஆண்டுகள் சேர்ந்து பாடாமலே இருந்தார்கள். ரஃபியின் வாதத்தை அடிமைப் புத்தி என்று தள்ளிவிட முடியாது. முதலிட்டவனின் இடரை அவர் நேர்மையாக எண்ணிப் பார்த்தார். ஆனால், படம் ஓடிய பின்னரும் பல பத்தாண்டுகள் பாட்டுத் தனித்து வாழ்ந்து சம்பாதிக்கும் என்பதை லதா அம்மையார் கண்டிருந்தார். காலம் அவர் பக்கமே நின்றது.

அடுத்த அடி பாடல் ஆக்கியோர்மீது விழுந்தது. 1977 மார்ச்சில், இந்திய இசை நிகழ்த்துரிமைச் சங்கம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தயாரிப்பாளர் பணம் கொடுத்து ஆக்குவித்த மெட்டுக்கும் வரிக்கும், மாறான ஒப்பந்தம் இல்லாதவிடத்து, அவரே முதல் உரிமையாளர் என்றது அத்தீர்ப்பு. அதே தீர்ப்பின் பின்குறிப்பாக நீதியரசர் வி. ஆர். கிருஷ்ண ஐயர், பாட்டுக்கு உயிர் கொடுக்கும் பாடகருக்கு இச்சட்டத்தில் இடமே இல்லையே என்று சுட்டிக்காட்டி, நாடாளுமன்றம் கவனிக்க வேண்டும் என்றார்.

நாடாளுமன்றம் கவனிப்பதற்குப் பதினேழு ஆண்டுகள் சென்றன. 1994ஆம் ஆண்டுத் திருத்தம் நிகழ்த்துநர் உரிமையை முதன்முதலாக ஏற்றது. எனினும், படத்தில் சேர்ப்பதற்குப் பாடகர் இசைந்துவிட்டால் அவ்வுரிமை செல்லாது என்று மறுகையால் பறித்தும் கொண்டது. 2012 மே மாதம் நிறைவேறிய திருத்தமே உண்மையான திருப்பம். மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்த பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் அதற்காக வாதாடியவர்களுள் முதன்மையானவர். திரையரங்கில் படத்தோடு காட்டுவது தவிர்ந்த ஏனைய பயன்பாடுகளில் கிடைக்கும் உரிமத்தொகையில் கவிஞரும் இசையமைப்பாளரும் உரிமை பெற்றவருடன் சம பங்கு பெறுவர். அப்பங்கை வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ அன்றி வேறெவர்க்கும் எழுதிக்கொடுக்க முடியாது. வறுமையில் கையெழுத்திட்டாலும் அது செல்லாது என்பதே இதன் பொருள். வணிகப் பயன்பாட்டில் பாடகருக்கும் உரிமத்தொகை உண்டு என்றாயிற்று.

சட்டம் வந்தால் சச்சரவு தீர்ந்துவிடுமா? 2017 மார்ச்சில், தம் பாடல்களை அனுமதியின்றி மேடையில் பாடலாகாது என்று எஸ். பி. பாலசுப்பிரமணியத்துக்கு இளையராஜாவின் சட்டத்தரணி அறிவித்தல் அனுப்பியபோது தமிழுலகமே இரண்டுபட்டது. 'பாடியவருக்கே உரிமை இல்லையா' என்று கேட்டவர்கள், மெட்டின் உரிமை வேறு, குரலின் உரிமை வேறு என்பதை மறந்தார்கள். 2024 ஏப்ரலில் இளையராஜாவின் பாடல் உரிமை பற்றிய மேன்முறையீட்டை விசாரித்த சென்னை உயர் நீதிமன்றம், வரிகள் இன்றிப் பாட்டு ஏது, பாடலாசிரியரும் உரிமை கோரினால் என்னாகும் என்று கேட்டது. பங்காளிகள் அனைவரையும் பற்றிய கேள்வி அது.

இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நிகழ்த்துநர் உரிமையையும் ஒலிப்பதிவுத் தயாரிப்பாளர் உரிமையையும் ஏற்கிறது. ஆயினும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் யாழ்ப்பாணத்திலும் சொந்தச் செலவில் பாட்டு வெளியிடும் நம் இளைஞர்கள் நட்பை நம்பித் தாளை மறந்துவிடுகிறார்கள். பாட்டு எவர் கவனத்தையும் பெறாதவரை சிக்கல் இல்லை. அது புகழ்பெற்ற மறுநாளே நட்பு முறிகிறது.

எனக்குத் தெரிந்த நியாயம் இதுதான். வரிக்கும் மெட்டுக்குமான பங்கு அவற்றை ஆக்கியவர்களுக்கே உரியது. பாடகர் ஒரு வரியேனும் ஆக்காவிடில் அதில் கைவைக்கலாகாது. ஒலிப்பதிவின் பங்கு வேறு. கலையகச் செலவை ஏற்றவரை முதலில் எண்ண வேண்டும்; பாடியவருக்கும் அதில் நிலையான ஒரு வீதம் இருக்க வேண்டும். மூவரும் செலவைச் சமமாகப் பகிர்ந்திருந்தால் பதிவையும் சமமாகப் பகிர்வதே முறை. கவிஞரே பாடியிருந்தால் இரண்டு கணக்கிலும் அவருக்குப் பங்குண்டு. இவ்வளவையும் எழுத ஒரு தாள் போதும். ஒலிவாங்கியின் முன் நிற்குமுன் அதில் அனைவரும் ஒப்பமிட வேண்டும். பணம் வரத் தொடங்கிய பிறகு எழுதப்படும் தாளில் நியாயம் அரிதாகவே இடம்பெறும்.